நிழலில் படுத்திருந்த மான்: பார்வையும் ஓர் அமானிதம்



ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், விடுமுறை கிடைத்தால் வண்டி எடுத்துக்கொண்டு கர்நாடகப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். ஆப்பிரிக்க சஃபாரி வீடியோக்களைப் பார்த்து, வறண்ட நிலத்து மான்களை நேரில் காண ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அந்த ஆசை நல்லதே. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது என்று கவனிக்கும்படி அல்காஷியா அத்தியாயத்தின் 17-வது வசனம் நம்மைத் தூண்டுகிறது. ஆனால் பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இன்று அதைப் படிப்போம்.

எங்கே இருக்கின்றன?

நாம் மான் என்று பொதுவாகச் சொல்பவற்றில் இரு வகை உண்டு. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளைவிட்ட கொம்பு. அது விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமான் போன்ற இரலை இனத்துக்குக் கிளையில்லாத கொம்பு. அது ஆயுள் முழுக்க நிற்கும்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2022-ல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தில் நாற்கொம்பு மான் வாழ்கிறது. அதுவும் இரலை இனம்தான். வெட்டவெளியில் வாழும் வெளிமானைக் காண, எல்லை தாண்டி தும்கூர் மாவட்டம் மதுகிரி வட்டத்திலுள்ள மைதனஹள்ளிக்குப் போகலாம். அங்குள்ள ஜெயமங்கலி வெளிமான் காப்பகம் ஏறத்தாழ 800 ஏக்கர் புல்வெளி. அதே மாவட்டத்தில் சிரா பக்கம், புக்காபட்டணாவில் சிங்காரா மானுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது?

வளர்ந்த ஆண் வெளிமானுக்கு முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய நீண்ட கொம்பு. பெண் மான் மண்நிறம், புல்லோடு கலந்துவிடும். சிங்காரா அதைவிடச் சிறியது. செடிகளிலுள்ள ஈரத்தையும் பனித்துளியையும் கொண்டே தண்ணீர் குடிக்காமல் பல நாள் தாக்குப்பிடிக்கும். காலையிலும் மாலையிலும் இவை மேயும். உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கும்.

நமீபியப் பாலைவனத்தின் ஜெம்ஸ்பாக் மானைப் பாருங்கள். பகல் வெப்பத்தில் தன் உடல் சூட்டை ஏறவிட்டு, இரவின் குளிரில் இறக்கிக்கொள்கிறது. வியர்த்து நீரை இழப்பதில்லை. மூக்கில் குளிர்ந்த இரத்தம், மூளைக்குப் போகும் சூடான இரத்தத்தைத் தணிக்கிறது. சுப்ஹானல்லாஹ்! ஒரு சொட்டு நீரும் வீணாகாத அமைப்பு.

இப்போது யோசியுங்கள். நிழலில் இளைப்பாறும் மானை ஒரு போட்டோவுக்காக விரட்டி ஓடவிட்டால், அது சேமித்து வைத்த நீரையும் பலத்தையும் நாம் பறிக்கிறோம்.

நபிவழியில் இரண்டு பாடங்கள்

நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமுடன் தோழர்களோடு மக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ருவைஸாவுக்கும் அர்ஜுக்கும் இடையில் ஒரு மான் நிழலில் சுருண்டு படுத்திருந்தது. அதன் உடலில் ஓர் அம்பு தைத்திருந்தது. நபியவர்கள் ஒருவரை அங்கே நிற்கச் சொன்னார்கள். எதற்காக? மக்கள் அனைவரும் கடந்து போகும் வரை யாரும் அந்த மானைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வதற்காக. முவத்தாவிலும் நஸாயீயிலும் இந்தச் செய்தி உள்ளது.

இரண்டாவது, அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம். ஹுதைபிய்யா பயணத்தில் தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை. காட்டுக் கழுதையைக் கண்ட தோழர்கள் அவருக்கு வேட்டையில் எந்த உதவியும் செய்யவில்லை. அவராகவே வேட்டையாடிக் கொண்டுவந்தார். அந்த இறைச்சியைப் பற்றிக் கேட்டபோது, உங்களில் யாராவது அவரை ஏவினீர்களா, அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்ற கருத்தில்தான் நபியவர்கள் விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது.

இவை இஹ்ராமின் சட்டங்கள் என்பது உண்மை. ஆனால் பாடம் நமக்கும் உண்டு. சுட்டிக் காட்டும் விரலும் வேட்டையில் ஒரு பங்காளி. இன்று நாற்கொம்பு மான் நின்ற இடத்தை லொகேஷனோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது எந்த வேட்டைக்காரன் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியுமா? பாவத்துக்குத் துணைபோவதை அல்மாயிதா 2-வது வசனம் தடுக்கிறது.

அதே அத்தியாயத்தின் 94-வது வசனம், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் வேட்டையைக் கொண்டு அல்லாஹ் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பதாகக் கூறுகிறது. எளிதில் எட்டுவதுதான் சோதனை. ஜீப்பும் துப்பாக்கியும் வந்தபின் அரபுப் பாலைவனத்தில் எல்லாமே எட்டிவிட்டது. அரபியில் மஹா எனப்படும் வெள்ளை ஓரிக்ஸ், 1972-ல் ஓமானில் கடைசியாக வேட்டையாடப்பட்டு, காட்டில் இல்லாமலே போனது. வளர்ப்பிடங்களில் பெருக்கி, 1982-ல்தான் மீண்டும் அங்கே விட்டார்கள்.

போகும் முன் நினைவில் வையுங்கள்

வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்லுக்குள் தாய் மறைத்து வைத்த குட்டி இருக்கலாம். தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று தூக்காதீர்கள். தாய் திரும்பி வரும். மான்கள் தலை தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நில்லுங்கள். ஹாரன், பாட்டு, டிரோன் வேண்டாம். படம் பகிர்ந்தால் இடத்தைச் சொல்லாதீர்கள்.

கறி என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். இந்த மூன்று மான்களும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. வேட்டைக்குத் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரையிலான சிறை.

சகோதரர்களே! காயம்பட்ட ஒரு மானின் ஓய்வுக்காக ஒரு தோழர் தன் பயணத்தை நிறுத்திக் காவல் நின்றார். நாம் காவல் நிற்கக்கூட வேண்டாம். கலைக்காமல் கடந்து வந்தாலே போதும். அல்லாஹ் தன் படைப்புகளைப் பார்த்துப் படிப்பினை பெறுவோராகவும், அவற்றுக்குத் தீங்கு செய்யாதோராகவும் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.