காத்திருப்போர்க்கு ஒரு குறி

மதுரையில் வைகைக்கு வடபால் அமைந்துள்ளது மாட்டுத்தாவணி. தாவணி என்பது கால்நடைச் சந்தை. முன்னாளில் மாடுகள் கூடிய அவ்விடத்தில் இந்நாளில் வெளியூர்ப் பேருந்துகள் கூடுகின்றன. இரவில் வரும் பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகைக்கு விளக்கிட்டிருப்பர். பகலில் தானே தெரியும் எழுத்து, இரவில் ஒளியின்றித் தெரியாது அன்றோ?

கைப்பேசித் திரைக்கும் இவ்வுண்மை பொருந்தும். அந்நிலையத்தில் இரவில் நிற்கும் பயணி ஒருவர், செயலி வழியாகப் பயணச்சீட்டுப் பெற முனைகிறார் எனக் கொள்வோம். பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துகிறார். தொலைவிலுள்ள கணினியிலிருந்து விடை வரச் சிறிது நேரமாகும். அதுவரை, ‘வேலை நடைபெறுகிறது’ என உணர்த்தச் சிறு வளையம் ஒன்று திரையில் சுழலும். ஆனால், அவருடைய திரையோ கருமை, வளையமும் கருஞ்சாம்பல். சுழல்வது அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அழுத்தியது பதியவில்லை என்றெண்ணி மீண்டும் அழுத்துகிறார். ஒரு பயணத்திற்கு இருமுறை பணம் செல்லவும் கூடும்!

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகிய இயங்குதளங்கள், திரைத்தளத்தைக் கருமையாக்கும் இருள்முறையை அளித்தன. அஃது இரவில் கண்ணை உறுத்தாது. ஓஎல்இடி திரைகளில் மின்செலவும் குறையும். செயலியைச் செய்தோர் தளத்தின் நிறத்தை மாற்றினர். வளையத்தின் நிறத்தை மாற்ற மறந்தனர்.

நிறங்களின் ஒளிர்வு வேறுபாட்டை விகிதத்தால் அளப்பர். வெள்ளைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் 21:1. இதுவே பேரளவு. வெண்தளத்தில் ஏறத்தாழ 12:1 எனத் துலங்கும் கருஞ்சாம்பல் வளையம், கருந்தளத்தில் ஏறத்தாழ 1.75:1 அளவிற்குச் சுருங்கிவிடும். பொருளுணர்த்தும் உருவங்களுக்குக் குறைந்தது 3:1 வேண்டுமென 2018 இல் வெளியான உலகளாவிய வலை அணுக்க நெறிகள் வகுத்துள்ளன.

இதற்குத் தீர்வு எளிது. வளையத்திற்கு ஒரே நிறத்தை நிலையாக்காமல், தளம் கருத்தால் வளையம் வெளுக்கவும், தளம் வெளுத்தால் வளையம் கருக்கவும் அமைத்தல் வேண்டும். அருகே ‘காத்திருக்கவும்’ என்னும் சொல்லையும் இடலாம். பார்வையற்றோர்க்கு அச்சொல்லைக் கைப்பேசி படித்துக் காட்டும். விடை வரும்வரை பொத்தானைச் செயலறச் செய்தலும் நன்று. பின்னர், இருமுறைகளிலும் இயக்கிச் சோதித்தல் இன்றியமையாதது.

காத்திருப்பதற்கு மக்கள் அஞ்சுவதில்லை. தம் வேலை நடக்கிறதா என்று அறியாதபோதே கலங்குகின்றனர். குறி சிறிதே ஆயினும், காண வேண்டியவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது பயன்தரும்.