டிக்கியில் தண்ணீர்: சீலன்ட் டியூபைத் திறப்பதற்கு முன்

மழை பிடித்துவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் புகார்களில், இளம் மெக்கானிக்குகள் நைசாக ஒதுங்கிப் போகும் புகார் ஒன்று உண்டு. "டிக்கியில தண்ணி நிக்குதுப்பா, எங்கிருந்து வருதுன்னே தெரியல." பிரேக் வேலைக்குக் கை தானாக ஓடும். கிளட்ச் வேலை செய்து பழகியிருக்கும். தண்ணீர் ஒழுகல் அப்படியில்லை. அது நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. அதனால் பல ஷெட்டுகளில் ஒரு டியூப் சிலிக்கானை அங்கேயும் இங்கேயும் இழுகி வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே வண்டி, அதே புகார், கூடவே வாடிக்கையாளரின் கோபம்.

ஐடிஐயில் மோட்டார் வண்டி மெக்கானிக் படித்து, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, அடுத்து எதில் பெயர் வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: இந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனரை மாட்டினால் விடை சொல்லும் கோளாறு அல்ல இது. கண்ணும் பொறுமையும் ஒழுங்கான முறையும் வேண்டும். சென்னை ஓர் ஆண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலைக்குப் பஞ்சமே இருக்காது. செய்து முடிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வருவதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை சீலன்டைத் தொடக் கூடாது.

ஜாப் கார்டிலேயே பாதி விடை

வண்டியைத் தொடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் பேசுங்கள். சர்வீஸ் அட்வைசர் எழுதிய "டிக்கி வாட்டர் லீக்" என்ற மூன்று சொற்களை நம்பி வேலையில் இறங்காதீர்கள். நிற்கும்போது மழை பெய்தால் வருகிறதா, மழையில் ஓட்டினால்தான் வருகிறதா என்று கேளுங்கள். நிற்கும்போதே வருகிறது என்றால் மேலிருந்து தேடுங்கள்: கண்ணாடி, கூரை, டெயில் லேம்ப், பீடிங். ஈர ரோட்டில் ஓடினால் மட்டும் வருகிறது என்றால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர்தான் காரணம். சக்கர வளைவின் ஜாயின்ட், தரைத் தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பான்கள், பம்பருக்குப் பின்னால் உள்ள துளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். வாட்டர் வாஷ் விட்ட பிறகு மட்டும் வருகிறதென்றால், பெரும்பாலும் அழுத்தத் தண்ணீரை நேராக பீடிங்கில் அடித்திருப்பார்கள். வண்டியில் குறையே இல்லாமல்கூட இருக்கலாம்.

வீட்டில் வண்டி எப்படி நிற்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிற்கும் வண்டியில் கூரைத் தண்ணீர் முழுவதும் பின்னால் இறங்கும். சமதளத்தில் நிற்க வைத்துச் சோதித்தால் ஒரு சொட்டுக்கூட வராமல் உங்களை ஏமாற்றும். அப்படிப்பட்ட வண்டியை ஜாக்கியாலும் ஸ்டாண்டாலும் அதே சரிவுக்குக் கொண்டுவந்துதான் சோதிக்க வேண்டும்.

ஹாட்ச்பேக் என்றால் பின் வைப்பருக்குத் தண்ணீர் அடித்தால் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அந்த வாஷர் ஹோஸ் முன்னாலிருந்து வண்டியின் நீளம் முழுக்க ஓடி, பின் கதவுக்குள் நுழைகிறது. கதவு திறந்து மூடும் இடத்தில் அது மடங்கி மடங்கிக் கழன்றுவிடும். மழையே இல்லாத மே மாதத்திலும் டிக்கி நனைகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியாக இரண்டு கேள்விகள், இரண்டையும் நயமாகக் கேட்க வேண்டும். பின்பக்கம் எப்போதாவது இடி வாங்கியதா? ரிவர்ஸ் கேமராவோ சென்சாரோ ஸ்பாய்லரோ வெளிக்கடையில் மாட்டியதா? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் டிங்கரிங் செய்த இடத்தில் ஜாயின்ட் சீலர் விட்டுப்போயிருக்கலாம். இரண்டாவதுக்கு 'ஆம்' என்றால் எங்கோ ஒரு துளை போட்டு, கிராமெட் இல்லாமல் வயரை இழுத்திருப்பார்கள். பழைய வண்டியாக வாங்கியவருக்கு இடி பற்றித் தெரியாமல் இருக்கலாம். பெயின்ட் வித்தியாசத்தையும், இரண்டு டெயில் லேம்ப்களைச் சுற்றியுள்ள இடைவெளியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே எல்லாத் தகட்டிலும் ஒரே உயரத்தில் சேற்றுக்கோடு தெரிந்தால் அது ஒழுகல் அல்ல, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. அதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காலி செய், காய வை, தடம் பார்

மேட், ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பக்கவாட்டு ட்ரிம்களையும் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கிளிப் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும். மாற்றுக் கிளிப் கையிருப்பு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், கிளிப் இல்லாமல் ஆடும் ட்ரிம் அடுத்த புகாராகத் திரும்பி வரும். ஸ்டெப்னிக் குழியில் நிற்கும் தண்ணீரைத் துடைக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

ட்ரிம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் படிந்த தூசியின் நடுவே தண்ணீர் ஓடிய பாதை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கழுவி விட்டதுபோல் தெரியும். அதன் இரு கரையிலும் காய்ந்த சேறு மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் செம்பழுப்பாகத் துருக் கறையும் இருக்கும். அந்தப் பாதையைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள். அது எங்கே தொடங்குகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். இது இன்னும் தீர்ப்பு அல்ல, சந்தேகம் மட்டும்தான். பிறகு எல்லாவற்றையும் உலரத் துடையுங்கள். ஈரமான இடத்தில் புது ஈரம் தெரியாது.

தண்ணீர் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸுடன், ஒருவர் உள்ளே டார்ச்சுடன். உள்ளே இருப்பவர் பின்சீட்டை மடக்கிப் போட்டு, கேபினிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். பின்சீட்டு மடங்காத செடான் என்றால், உள்ளிருந்து திறக்கும் வழி இருப்பதைச் சோதித்துப் பார்க்காமல் யாரையும் டிக்கிக்குள் வைத்து மூடாதீர்கள். சாவி எப்போதும் வெளியே இருப்பவர் சட்டைப்பையில் இருக்கட்டும். விளையாட்டுக்குக்கூட இதில் தளர்வு கூடாது.

ஹோஸில் நாசில் வேண்டாம். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. அது நல்ல பீடிங்கையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், இல்லாத ஓட்டையைக் காட்டும். மழை எப்படி விழுமோ அப்படித் தண்ணீர் வழிய வேண்டும். கீழிருந்து மேலாகப் போங்கள்: முதலில் பம்பரின் மேல்விளிம்பு, பிறகு ஒரு டெயில் லேம்ப், பிறகு அடுத்தது, பிறகு டிக்கி மூடியின் ஓரம், பிறகு கண்ணாடியின் கீழ்விளிம்பு, கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிநெடுக எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்களாவது நில்லுங்கள். பஞ்சுபோன்ற ஃபோம் கேஸ்கட் ஊறிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். அவசரப்படும் மெக்கானிக் தவறவிடுவது இந்த ஒழுகலைத்தான்.

பீடிங் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு தாள் துண்டை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் தாள் பிடித்து இழுக்கும். அழுத்தம் இல்லாத இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். பீடிங் மேல் சாக்பீஸ் பொடி தடவி மூடித் திறந்தால், தகட்டில் பொடி பதியாத இடம் கண்ணுக்குத் தெரியும்.

அடிக்கடி பிடிபடுபவை

அதிகம் பேருக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். பின் பம்பருக்குள், தகட்டில் ஏர் வென்ட் ஒன்று இருக்கும். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் இருக்கும். கதவை அறைந்து சாத்தும்போது கேபினுக்குள் அடைபடும் காற்று வெளியேறுவதும், ஏசி ஊதும் காற்று வெளியே போவதும் அதன் வழியாகத்தான். மெல்லிய ரப்பர் மடல்கள் காற்றை வெளியே விடும், வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது. அதைச் சுற்றியுள்ள சீல் நைந்துவிட்டால், பின்சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேராக ட்ரிம்முக்குப் பின்னால் இறங்கும். பம்பரைக் கழற்றாமல் இது கண்ணில் படாது. வென்ட்டை மாற்றுங்கள், அல்லது அதன் சீலை மாற்றுங்கள். வென்ட்டையே சீலன்ட் போட்டு அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கதவு சரியாகச் சாத்தாது, மழையில் கண்ணாடிகளில் ஆவி படியும், "ஒழுகலைச் சரி பண்ணப் போய் வேற பிரச்னை வந்துடுச்சு" என்று வண்டி திரும்பி வரும்.

டெயில் லேம்ப் கேஸ்கட் இன்னொரு வழக்கமான இடம். பல்பு மாற்றக் கழற்றியவர் கேஸ்கட்டை முறுக்கி வைத்திருப்பார், அல்லது ஒரு நட்டை மட்டும் இறுக்கியிருப்பார். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, புது கேஸ்கட் வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் லேம்ப்பின் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

பீடிங் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பீடிங் நன்றாக இருந்தும் தாள் வழுக்கினால், பீடிங் உட்காரும் தகட்டு விளிம்பு நெளிந்திருக்கிறதா, டிக்கி மூடி சரியாக உட்காருகிறதா, லாக்கும் ரப்பர் ஸ்டாப்பரும் சரியான உயரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சன்ரூஃப் உள்ள வண்டியில் பின்பக்க வடிகுழாய் தூணுக்குள் இறங்கி வரும். அது அடைத்தாலோ கழன்றாலோ டிக்கி நனையும். அதைக் கம்பியால் குத்தாதீர்கள், குழாய் இணைப்பு உள்ளேயே கழன்றுவிடும்.

இடி வாங்கிய வண்டியின் ஜாயின்ட்டுக்கு டிங்கரிங் ஆளோடு சேர்ந்து வேலை பாருங்கள். பழைய சீலரைச் சுரண்டி, வெறும் தகடு தெரிந்தால் பிரைமர் அடித்து, பியூ (பாலியூரித்தேன்) சீம் சீலர் போட்டு, மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் புளித்த காடி வாடை அடிக்கும் சிலிக்கானை இங்கே தொடவே கூடாது. அது உலரும்போது வெளிவிடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்டும் ஒட்டாது.

தரைத் தகட்டின் ரப்பர் அடைப்பானைப் பிடுங்கி "தண்ணி தானா வடிஞ்சுடும்" என்று அனுப்புவது வேலையே இல்லை. அந்தத் துளை வழியாகத் தூசியும் புகையும் உள்ளே வரும்.

இன்னொரு எச்சரிக்கை. சில வண்டிகளில் பேட்டரியும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் டிக்கியிலேயே இருக்கும். ஈரம் பட்ட கனெக்டர்களைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அதற்கான பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும்.

வேலையை நிரூபியுங்கள், கூலியைக் கேளுங்கள்

சீலர் காய டியூபில் போட்டிருக்கும் நேரத்தைக் கொடுங்கள். பிறகு ட்ரிம்மை மாட்டுவதற்கு முன், அதே இடத்தில், அதே ஹோஸால், முன்பைவிடக் கூடுதல் நேரம் தண்ணீர் விடுங்கள். ஒழுகும்போது எடுத்த வீடியோ ஒன்று, ஒழுகாதபோது எடுத்த வீடியோ ஒன்று, இரண்டையும் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். ஒரு வண்டியில் இரண்டு ஒழுகல் இருப்பது சகஜம். முதலாவதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சோதனையை நிறுத்திவிடாமல் கூரை வரை போய் முடியுங்கள். மேட்டுக்கு அடியில் உள்ள ஃபெல்ட்டை வெளியே எடுத்து வெயிலில் முழுதாகக் காய வைத்த பிறகே போடுங்கள். ஈர ஃபெல்ட்டை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை வாடை போகவே போகாது.

கூலி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். இந்த வேலையில் நேரம் போவது கண்டுபிடிப்பதில்தான், அடைப்பதில் இல்லை. இருபது ரூபாய் கிராமெட்டுக்கு அரைநாள் தேட வேண்டியிருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சார், எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத் தனிக் கூலி. கண்டுபிடிச்சு வீடியோ அனுப்புறேன், அப்புறம் ரிப்பேருக்கு எவ்வளவுன்னு சொல்றேன், நீங்க சரின்னா செய்யறேன்." இப்படிப் பேசினால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒரு தொகையை நீட்டும்போதுதான் சண்டை வருகிறது. நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் இந்த நேரக் கணக்கை ஃபோர்மேனிடம் ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அரைநாள் நீங்கள் சும்மா நின்றதாகத்தான் கணக்கில் வரும்.

பார்த்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டில் மாடல், புகார், தண்ணீர் நுழைந்த இடம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே மாடல் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒழுகும். மூன்றாவது வண்டி வரும்போது உங்கள் நோட்டு யாரிடமும் இல்லாத கையேடாகிவிடும். கார் தொழிற்சாலைகளிலும் வண்டி வெளியே போகும் முன் ஷவர் டெஸ்ட் உண்டு. தண்ணீர் பீய்ச்சும் அறைக்குள் வண்டியை ஓட்டி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ இன்டர்வியூவுக்குப் போனால், அந்த நோட்டிலிருந்து ஒரு வண்டியை எடுத்து, எதை முதலில் சந்தேகித்தீர்கள், எந்தச் சோதனையில் அது பொய்யானது, கடைசியில் எதைக் கண்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். "லீக் வேலை தெரியும்" என்று மட்டும் சொல்பவரைவிட உங்கள் பேச்சுக்கு மதிப்பு கிடைக்கும்.

இந்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, டிக்கியைக் காலி செய்து, ஹோஸை எடுத்துக் கீழிருந்து மேலாக ஒருமுறை சோதித்துப் பழகுங்கள். கூடவே ஒரு ஜூனியரை உள்ளே டார்ச்சோடு உட்கார வையுங்கள், அவரும் கற்றுக்கொள்ளட்டும்.