பள்ளிக்கரணை அண்டைக் கிராமங்களில் டிராகன் பழச் சாகுபடி

மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய பிரதேசங்களில் தோன்றிய டிராகன் பழக்கொடி, நாம் நன்கறிந்த சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வியட்நாம் தேசத்தார் இதனைப் பெருமளவிற் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். குஜராத் அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்குக் 'கமலம்' என்று பெயரிட்டது. கடைகளில் இதன் விலையைக் கண்டு சிறு விவசாயிகள் பலர் ஆவல் கொள்ளுகின்றனர். ஆயினும், பள்ளிக்கரணைப் பக்கத்தார் முதலில் ஆராய வேண்டியது விலையன்று, நிலத்தின் மட்டமேயாகும்.

நிலம்: இக்கொடி வறட்சியைத் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது. நீர் நின்றால் வேர் அழுகும்; பின் தண்டும் குழைந்துவிடும். 2022-ல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், சுற்றுப்புறத்து ஏரிகள் பலவற்றின் மிகுநீருக்கு வடிகாலாகும், அது பயிரிடுதற்குரியதன்று. அண்டைத் தாழ்நிலங்கள் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். ஆகையால், கார்த்திகைப் பெருமழை ஓய்ந்ததும் இரண்டடி ஆழக் குழியொன்று தோண்டிப் பார்க்க. மறுநாளும் அதில் நீர் நிற்குமாயின், அவ்விடத்தில் இப்பயிரை வைக்கலாகாது.

நடவு: பத்தடிக்கு ஒன்றாகக் கால் நாட்டினால், 25 சென்ட் நிலத்தில், நடைபாதை நீங்கலாக, சுமார் 100 கால்கள் கொள்ளும். ஏழடி உயரமுள்ள சிமெண்டுக் காலை இரண்டடி புதைத்து, உச்சியில் வளையம் பொருத்துக. அடியில் ஓரடி உயரம் மண்மேடு அணைத்து, காலுக்கு நான்கு தண்டுகள் நடுக. வெட்டிய தண்டைச் சில நாள் நிழலில் உலர்த்திய பின்னரே நடவேண்டும். தை மாதம் தகுந்தது. சித்திரை வெயிலில் தண்டு வெந்துபோகாவண்ணம் நிழல்வலை கட்டுக.

பலன்: மலர் ஓர் இரவே விரிந்திருக்கும். சிவப்புச் சதையுள்ள வகைகள் சிலவற்றிற்கு வேறு வகையின் மகரந்தத்தை அவ்விரவே கையால் தடவவேண்டும். பூத்த 30 முதல் 35 நாட்களிற் பழம் முதிரும். பறித்தபின் இது மேலும் பழுப்பதில்லை. எனவே காயாகப் பறித்தல் நஷ்டமே. பட்டணத்துச் சந்தை அருகிலிருப்பது நமக்கு அனுகூலம்.

எச்சரிக்கை: கால்களுக்கான செலவு முதலாண்டிலேயே முடிந்துவிடும், நல்ல வரும்படியோ மூன்றாம் ஆண்டு முதலே கிடைக்கும். இடையில் ஒரு வெள்ளம் வந்தால் கடன் மட்டுமே மிஞ்சும். ஆதலின், முதலிற் பத்துக் கால்கள் மட்டும் நட்டு, ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். அம்மழையைத் தாங்கி நின்ற நிலத்திலேயே மற்றக் கால்களையும் நாட்டுக.