ஏரி மராமத்தும் நீர்நிலை உயிர்களும்

கோடை பிறந்து ஏரி வற்றத் தொடங்கியதும், தூர் வார வேண்டும் என்னும் பேச்சு நம் ஊர்களில் எழுகின்றது. அது நியாயமான பேச்சே. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் பல வண்டல் படிந்து மேடிட்டுவிட்டன. ஏரி மேடிட்டால் நஞ்சை தரிசாகும். சுற்றிலுமுள்ள கிணறுகள் வற்றும். நூலுக்குச் சாயம் தோய்க்கும் நெசவாளரும் தண்ணீருக்குத் தவிப்பர். ஆகவே மராமத்து வேண்டுமா வேண்டாவா என்பது இப்பாடத்தின் பொருளன்று. ஏரியை நம்பி வாழும் மற்ற உயிர்களுக்குக் கேடு வராமல் அதனை எவ்வாறு செய்வது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முற்காலத்தில் ஊரார் மண்வெட்டியும் கூடையும் கொண்டு குடிமராமத்துச் செய்தனர். வேலை சிறிது சிறிதாகவே நடந்தது. ஓரிடத்தில் மண் எடுக்கும்போது மற்றோரிடம் அமைதியாக இருந்தது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே திட்டமொன்றைத் துவக்கியது. பெயர் பழையதாயினும் கருவி புதிது. பல ஆட்கள் பல நாள் வெட்டும் மண்ணைப் பொக்லைன் இயந்திரம் ஒரே நாளில் வாரிவிடுகின்றது. இவ்வேகம் நமக்கு வசதியே. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் துடைத்துவிடவும் அதனால் இயலும். கேட்டின் வேர் இதுவே.

எவ்வெவ்வுயிர் எங்கே வாழ்கின்றது?

ஏரியை வெறும் தண்ணீர்த் தொட்டியாக எண்ணுதல் பிழை. கரையையும் மதகையும் ஒட்டிய பகுதி ஆழமானது. எதிர்ப்புறம், வரத்துக்கால் வந்து சேரும் உள்வாய்ப் பகுதி ஆழமற்றது. நாரையும் கொக்கும் நின்று இரை தேடுவது இந்த ஆழமற்ற நீரில்தான். விளிம்பிலுள்ள கோரையிலும் நாணலிலும் தாழைக்கோழி கூடு கட்டுகின்றது. முக்குளிப்பான், நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு அமைக்கின்றது. விரால் மீன் செடிகள் அடர்ந்த ஓரத்தில் முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காவல் காக்கின்றது. மீன்கொத்தி செங்குத்தான மண்சுவரில் வளை தோண்டுகின்றது. உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரை, நீர்க்காகம், உண்ணிக்கொக்கு முதலியன கூட்டமாகக் கூடு கட்டுகின்றன.

ஏரி வற்றியபின் உயிர் ஒன்றும் இல்லை என்று கருதுதலும் பிழையே. தவளைகளும் நத்தைகளும் ஒருவகை ஆமையும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கின்றன. செங்கண் ஆட்காட்டிக் குருவி கோடையிலேதான் வெறுந்தரையில் முட்டையிடுகின்றது. அம்முட்டை மண்ணின் நிறமாகவே இருப்பதால், வண்டிச் சக்கரம் ஏறிய பின்னரும் ஓட்டுபவர் அதனை அறியார்.

ஏரியை ஒரே கோடையில் முழுவதும் வழித்து, மரங்களை வெட்டி, கோரையைத் தீயிட்டு, விளிம்பைச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டால் என்னாகும்? மழை வந்ததும் நீர் நிறையும். பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் நாரைக்கு நிற்க இடமில்லை. விராலுக்கு முட்டையிட ஓரமில்லை. சேற்றில் உறங்கிய தவளைகள் மண்ணோடு அகற்றப்பட்டுவிட்டன. வந்த பறவைகள் வட்டமிட்டுப் பார்த்துவிட்டு வேற்றிடம் செல்லும்.

இதனால் நமக்கு யாது நட்டம்?

உழவர் இதனை வெறும் ஜீவகாருண்ய விஷயமாகக் கொள்ள வேண்டுவதில்லை. வரவு செலவுக் கணக்காகவே பார்க்கலாம். ஏர் உழும்போது பின்னாலேயே நடந்து வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. வயலில் இரவெல்லாம் பூச்சிகளைத் தின்பது தவளை. நத்தைகுத்தி நாரையின் முதன்மையான உணவு நத்தையே. இவை நாம் கூலி கொடாமல் பெறும் ஊழியர்கள். கோரை அழிந்தால் பாய் நெய்வோருக்கும் நட்டமே. மீன் குறைந்தால் மீன் பாசிக் குத்தகையில் ஊருக்குக் கிடைக்கும் வருமானமும் குறையும்.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்குச் சான்று. அவ்வேரி ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடையது. பறவைகளின் எச்சம் கலந்த அதன் நீர் பயிருக்கு உரமாவதை அவ்வூரார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆகையால் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க அவர்களே முயன்று, 1798இல் அக்காலத்துக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். ஏரிப் பாசனமும் பறவைக் காவலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

மராமத்தில் கைக்கொள்ள வேண்டிய முறைகள்

முதலாவது, காலம். வேடந்தாங்கலில் ஐப்பசி, கார்த்திகை முதல் பங்குனி வரை பறவைகள் மிகுதி. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தங்குளத்தில் தை மாதத்திற்குப் பின்னும் நெடுநாள் கூடுகள் நீடிக்கின்றன. எனவே எல்லா ஏரிக்கும் ஒரே நாள் குறித்தல் ஆகாது. குஞ்சுகள் பறந்த பின்னரே, நம் ஏரியை நேரில் பார்த்து, வேலையைத் துவக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. ஏரியை மூன்று பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்காக வாருதல் நலம். வாராத பங்கிலிருந்து உயிர்கள் மீண்டும் பரவும்.

மூன்றாவது, இடம். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் மதகின் வழியே வயலுக்குப் பாயாது. அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் நீர் கசிந்து ஏரி விரைவில் வற்றுதலும் கூடும். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். ஆகவே படிந்த வண்டலை மட்டும் எடுத்து, உள்வாயின் சரிவை அப்படியே விட்டுவிட வேண்டும். வண்டல் நம் வயலுக்கு நல்ல எரு.

நான்காவது, மரமும் புல்லும். சீமைக் கருவேலை அகற்றும் வேகத்தில் நாட்டுக் கருவேலும் வெட்டுண்ணாதபடி முன்னதாகவே அடையாளமிட வேண்டும். சீமைக் கருவேலில் கூடுகள் இருப்பின், மண்திட்டுகளில் நாட்டு மரங்களை நட்டு, அவை வளர வளர இதனைப் படிப்படியாக நீக்குவதே முறை. கோரையை முழுவதும் கொளுத்தாமல் பாதி அறுத்துப் பாதி விட வேண்டும். ஆனால் கரையிலும் மதகிலும் வேர்விட்டு அவற்றைப் பிளக்கும் செடிகளைத் தயங்காமல் நீக்கலாம்; கரையின் பத்திரமே முதன்மையானது.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை இயந்திரம் இறங்குமுன் ஊரார் முடிவு செய்தல் ஒன்றே தேவை. இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும்போது, ஓட்டுபவரை நிறுத்தி ஆலோசிக்க எவருக்கும் மனம் வாராது. ஆதலின் மராமத்துத் தீர்மானம் நிறைவேற்றும் கூட்டத்திலேயே, விட வேண்டிய மரம், திட்டு, கோரைப்பகுதி ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்தல் வேண்டும். எழுதாதது நடவாது என்பது சங்க வேலையில் நாம் நன்கு அறிந்த உண்மை.

அங்கத்தினர் கூடி ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஏரியில் எம்மரங்களில், எம்மாதங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன?

2. சென்ற மராமத்துக்குப் பின் மீனும் தவளையும் கூடினவா, குறைந்தனவா? முதியோரிடம் கேட்டறிக.

3. அடுத்த மராமத்தில் வாராமல் விட வேண்டிய பகுதி எது? அதற்கு எல்லைக்கல் நடும் பொறுப்பை எவர் ஏற்பார்?