ஷிஃப்ட் முடிந்து பி.இ.: யாருக்கு எந்த வழி?

டிப்ளமோ முடித்து ஒரகடத்திலோ ஓசூரிலோ கோவையிலோ வேலைக்குப் போனவர்களுக்கு நாலைந்து வருடத்தில் ஒரு கட்டம் வரும். லைன் எதனால் நிற்கிறது என்பது இவருக்குத்தான் தெரியும். புதிதாக வந்த பி.இ. டிரெய்னிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இவர்தான். இரண்டு வருடம் போனால் அந்த டிரெய்னி இன்ஜினியர் ஆகிவிடுவார். இவர் சீனியர் டெக்னீஷியனாகவே நிற்பார். அப்போதுதான் பட்டத்தைத் தேடத் தொடங்குவார்கள். தேடினால் வரும் விளம்பரம் எல்லாமே ‘வேலை பார்த்துக்கொண்டே பட்டம்’ என்றுதான் சொல்லும்.

வேலை போக மிச்ச நேரத்தில் படிப்பது ஒரு வகை. பார்க்கும் வேலையையே படிப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டு அதற்குக் கிரெடிட் தருவது வேறு வகை. பொறியியலில் நம்மூரில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. இது தெரியாமல் பணம் கட்டியவர்கள், ‘என் அனுபவத்துக்கு ஒன்றுமே இல்லையா?’ என்று இரண்டாவது செமஸ்டரில் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முழுநேர மாணவர் நான்கு வாரம் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போய் வந்தால் 2 கிரெடிட். ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் உள்ள 160 கிரெடிட்டில் 14 முதல் 20 வரை இன்டர்ன்ஷிப், புராஜெக்ட், செமினார் போன்றவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்து வருடம் சி.என்.சி. மெஷினோடு வாழ்ந்தவருக்கோ, நேரடி இரண்டாமாண்டில் சேரும்போது டிப்ளமோ படிப்புக்காக ஒரு வருடம் கழியும். வேலைக்காக ஒரு நாளும் கழியாது.

இதைச் சரிசெய்யும் ஏற்பாடு காகிதத்தில் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், வருடத்துக்கு 40 என்று வகுத்து, வேலை அனுபவத்துக்கும் எடை தருகிறது. சேர்த்த கிரெடிட்டைப் போட்டுவைக்க 2021இல் தொடங்கிய அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் இருக்கிறது. கணக்கு இருக்கிறது, சரி. அதில் உங்கள் அனுபவத்தை வரவு வைக்க வேண்டியது நீங்கள் சேரும் பல்கலைக்கழகம். ‘என் அனுபவத்துக்கு எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்குப் பதிலாக?’ என்று சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிலில் எண் வரவில்லை என்றால் கிரெடிட்டும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழிகள். முதலில் மாலை நேர பி.இ. கோவையில் பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., ஜி.சி.டி. மூன்றும் பகுதிநேர பி.இ.க்குப் பெயர் போனவை. அங்கு படித்துச் சூப்பர்வைசர் ஆனவர்களைக் கோவைப் பட்டறைகளிலும் பம்ப் கம்பெனிகளிலும் நிறையப் பார்க்கலாம். 2023-24 முதல், வேலையில் இருப்போருக்காக நெகிழ்வான நேரத்தில் பட்ட வகுப்பு நடத்த ஏ.ஐ.சி.டி.இ. மற்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுமதி தருகிறது. பணி அனுபவமும், கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பதும் அதற்கான நிபந்தனைகள். லேப் உண்டு, நேரில் ஆசிரியர் உண்டு, சான்றிதழை யாரும் புரட்டிப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அரசு வேலையோ துறைக்குள் பதவி உயர்வோ குறி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இது ஜெனரல் ஷிஃப்ட்காரர்களின் வழி. ஏ, பி, சி என்று வாராவாரம் மாறுபவர் மூன்றில் ஒரு வாரமாவது வகுப்பைத் தவறவிடுவார். வருகைப்பதிவு அதிலேயே போய்விடும். சேரும் முன் ஷிஃப்ட்டை நிலையாக மாற்றித் தர முடியுமா என்று ஹெச்.ஆரிடம் பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் உங்கள் கை தாழ்ந்திருக்கும். மின்வாரியம் போன்ற அரசுசார் இடங்களில் இருப்பவர்கள் முன் அனுமதி வாங்காமல் சேரவே கூடாது. பட்டம் வாங்கிய பிறகு அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் யாரிடமும் முறையிட முடியாது.

அடுத்தது பிலானியின் பிட்ஸ் 1979 முதல் நடத்திவரும் பணியோடு இணைந்த கல்வி. மேலே சொன்ன இரண்டாம் வகைக்குக் கொஞ்சம் நெருங்கி வருவது இதுதான். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில், இணையவழியில். நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் நிறுவனத்திலிருந்தே ஒரு மூத்தவர் வழிகாட்டியாகக் கையெழுத்திட வேண்டும். கடைசிக் கட்ட புராஜெக்ட்டை நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே செய்கிறீர்கள். ரிஜெக்‌ஷன் குறைத்ததும், ஃபிக்ஸ்சர் மாற்றி செட்டிங் நேரத்தைப் பாதியாக்கியதும் அங்கே மதிப்பெண் ஆகும். இதைத் தொலைதூரக் கல்வி என்று சிலர் ஒதுக்குவதுண்டு. யு.ஜி.சி. 9.9.2020 அன்று நடந்த தன் 548ஆவது கூட்டத்தில், இந்தப் படிப்புகளைத் தொடர்ந்து நடத்த ஒப்புதல் கொடுத்திருக்கிறது. தனியார் நிறுவனத்துக்குள்ளேயே மேலே போக நினைப்பவருக்கும், ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கும் இது பொருந்தும். அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தத் தேர்வாணையத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கையைக் கடிக்கும். நிறுவனம் கட்டுகிறது என்றால் பதிலுக்கு எத்தனை வருட பாண்டு என்று பாருங்கள். நடுவில் கம்பெனி மாறினால் புது ஒப்புதல், புது வழிகாட்டி என்று மறுபடி அலைய வேண்டும். மேலாளர் நல்லவரா என்பதும் இங்கே பாடத்திட்டம் அளவுக்கு முக்கியம். உங்கள் வேலையைத் தன் பெயரில் காட்டிக்கொள்ளும் மேலாளரை வழிகாட்டியாகப் போடாதீர்கள்.

ஏ.எம்.ஐ.இ.யைப் பற்றி அப்பா, பெரியப்பா தலைமுறை உருகிப் பேசும். காரணம் உண்டு. 1920இல் தோன்றிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸின் தேர்வுகளை எழுதி, கல்லூரி வாசலையே மிதிக்காமல் இன்ஜினியர் ஆனவர்கள் ஏராளம். ஆனால் அதைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்பது 31.5.2013 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இன்று பதிவு செய்தால் அறிவு வளரும், பி.இ. கேட்கும் இடத்தில் அது பி.இ. ஆகாது.

தொலைதூர பி.டெக். தருகிறோம் என்று யாராவது போன் செய்தால் பேச்சை வளர்க்காதீர்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், ஒரிசா லிஃப்ட் இரிகேஷன் வழக்கில், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இல்லாமல் அஞ்சல்வழியில் தந்த பொறியியல் பட்டங்களைச் செல்லாது என்றது. 2001-05இல் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு எழுதித் தேற ஒரு வாய்ப்பாவது இருந்தது. அதன்பின் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த நான்கில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. யு.ஜி.சி.யின் 2020 விதிகளும் தொலைதூர முறையில் பொறியியலை அனுமதிப்பதில்லை.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இணையவழிப் பாடம், நேரில் லேப். நல்ல படிப்புதான், ஆனால் கிடைப்பது பி.எஸ். பி.இ. தேவைப்படுபவருக்கு இது பதில் ஆகாது. எலெக்ட்ரானிக்ஸில் ஆழமாகப் போக விரும்புபவர் தாராளமாகச் சேரலாம்.

வயது இருபத்திரண்டுக்குள், வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்து யாரும் இல்லை என்றால், வேலையை விட்டுவிட்டு நேரடி இரண்டாமாண்டில் சேர்வதைவிட மலிவான, குழப்பம் இல்லாத வழி எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றே வருடம். இதைச் சொன்னால் பலருக்கும் கோபம் வருகிறது, ‘வந்த வேலையை விடச் சொல்கிறாரே’ என்று. இரவு ஷிஃப்ட்டோடு அதைவிட நீண்ட காலம் மல்லுக்கட்டி, பாதியில் நின்றுபோனவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. பி.எஸ்.ஜி. டெக்கின் ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ.யில் தொழிற்கூடப் பயிற்சி பாடத்தோடு பின்னியே வரும். மென்பொருள் பக்கம் எச்.சி.எல்.லின் டெக்பீ போல, வேலைக்கு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் வழியாகப் பட்டமும் படிக்கவைக்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஸோஹோவின் பள்ளியிலும் வேலை கிடைக்கும், ஆனால் பட்டம் கிடையாது. அதை அவர்கள் ஒளிப்பதும் இல்லை.

எந்த வழியில் போனாலும் இன்றே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மெஷினில் நீங்கள் செய்த மாற்றங்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முன்பு சைக்கிள் டைம் என்ன, பிறகு என்ன, ஏன் அந்த மாற்றம், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று நான்கு வரி போதும். கம்பெனியின் டிராயிங்கையும் வாடிக்கையாளர் பெயரையும் அதில் சேர்க்காதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகும். புராஜெக்ட் தலைப்புக் கேட்கும்போதும், அனுபவத்துக்குக் கிரெடிட் கேட்டு விண்ணப்பிக்கும்போதும், வருடாந்தர மதிப்பீட்டில் மேலாளர் எதிரே உட்காரும்போதும் முதலில் கேட்கப்படும் ஆதாரம் அதுவாகத்தான் இருக்கும்.