மாவு கலந்தால் பை மக்குமா?

அன்புள்ள மலர்விழிக்கு,

'மக்கும்' என்று அச்சிட்ட பையைக் கண்டால் அதன் அடிப்படைப் பாலிமர் எது என்று முதலில் கேள். அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்விதான். சாதாரணப் பை பாலிஎத்திலீனால் ஆனது. கார்பனோடு கார்பன் கோத்த நெடுஞ்சங்கிலி அது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களாலும் பூஞ்சைகளாலும் அதை எளிதில் வெட்ட முடியாது. சங்கிலி மிக நீளமானதால் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும் வழியில்லை. 1970களில் பிரிட்டனில் கிரிஃபின் என்பவர் இதில் மாவுச்சத்தைக் கலந்தார். நுண்ணுயிர்கள் அந்த மாவைத் தின்றது உண்மை. ஆனால் ஏறத்தாழ 30 விழுக்காடு கனஅளவு மாவு இருந்தால்தான் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு உட்புறம்வரை வழி திறக்கும். குறைந்தால் பெரும்பகுதி மாவு பிளாஸ்டிக்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வழி திறந்தாலும் மாவு இருந்த இடம் ஓட்டையாகுமே தவிர, பாலிஎத்திலீன் கரையாது. எடைக்குறைவை மட்டும் அளப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்: குறைந்தது மாவின் எடை.

சங்கிலியையே அறுக்கும் பொருளைச் சேர்த்தால் என்ன என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. கோபால்ட், மாங்கனீசு, இரும்பு உப்புகள் சேர்த்த 'ஆக்சோ' பைகள் அந்த எண்ணத்தில் பிறந்தவை. வெயிலும் வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அவை நொறுங்கும். நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. துகள்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் நுண்ணுயிரின் உடலாகவும் மாறினால்தான் மக்கியதாகக் கணக்கு. மண்ணுக்குள் புதைந்த பைக்கு வெயில்தான் ஏது? பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் இமோஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 'மக்கும்' என்று விற்கப்பட்ட பை ஒன்று மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச்சாமானைச் சுமந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆக்சோ பிளாஸ்டிக்கை 2021 ஜூலை முதல் தடைசெய்துவிட்டது. சரியான முடிவு.

அதற்காகக் கலப்புப்பொருள்கள் எல்லாமே வீண் என்று எண்ணிவிடாதே. பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலியெஸ்டர்களின் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. நீரும் நொதியும் அவற்றை அறுக்கும். வேகத்தை மாற்றும் வலிமை கலப்புப்பொருளுக்கு இங்கேதான் கிடைக்கிறது. மாவுச்சத்து நீரை உள்ளே இழுத்து வேகத்தைக் கூட்டும். கால்சியம் கார்பனேட்டோ, சிதைவில் பிறந்து மேலும் சிதைவைத் தூண்டும் அமிலத்தை நடுநிலையாக்கி வேகத்தைக் குறைக்கக்கூடும். டால்க் தூள் படிகமாவதைத் தூண்டும்; நெருங்கி அடுக்கிய படிகப் பகுதிக்குள் நீர் தாமதமாகவே நுழையும். எனவே கலப்புப்பொருளின் பெயரை வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

சான்றிதழ் இருந்தால் போதாதா என்பார்கள். இ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரம், ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிர்ச்சிதைவைக் கேட்கிறது. சோதனை நடப்பது ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், தொழில்முறை உரக்கிடங்கின் நிலையில். கொல்லைப்புற எருக்குழிக்கும் கடலுக்கும் அந்தச் சான்று செல்லாது. அதனால் எந்தப் பாலிமர், எந்தச் சூழல், எத்தனை மாதம் என்று மூன்றையும் கேள். விடை சொல்லாத பையை மக்காத குப்பையிலேயே போடு.

அன்புடன்,
பெரியப்பா