மழைக்கால ஓய்வில் ஆயில் என்ஜின்: துருவைத் தடுக்கும் முறைகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியதும் ஆயில் என்ஜினுக்கு ஓய்வு கிடைக்கிறது. தை மாதத்தில் பயிர் தண்ணீருக்கு வாடும்போது ஹாண்டிலைப் போட்டால், சில என்ஜின்கள் சுற்றவே மறுக்கின்றன. உள்ளே பிஸ்டன் ரிங்குகள் துருவேறி லைனரோடு ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். நிறுத்தும் நாளில் ஒரு மணி நேரம் செலவிட்டால் இத்தொல்லையைத் தவிர்க்கலாம்.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பில் நீரும் காற்றும் பட்டால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் விரைவாகப் பரவும். டீசல் எரியும்போதும் நீராவி உண்டாகிறது. என்ஜின் நன்கு சூடேறினால் அது புகையோடு வெளியேறிவிடும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே நீராகப் படியும். ஆகவே தினமும் சிறிது நேரம் மட்டும் ஓட்டி வைப்பது நல்லதல்ல.

நிறுத்தும் முறை

1. என்ஜினை அரை மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றவும். பழைய ஆயிலில் கரியும் அமிலமும் கலந்திருக்கும்.

2. என்ஜின் ஆறியதும் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீரை முழுவதும் வடிக்கவும். உவர்நீர்க் கிணறாயின், நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி வடிப்பது அவசியம்.

3. டீசல் டேங்கை விளிம்புவரை நிரப்பவும். காலியிடம் இருந்தால் ஈரக்காற்று புகுந்து நீர் சேரும்.

4. டீசலை அடைத்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு, காற்று புகும் வழியில் இரண்டு தேக்கரண்டி ஆயில் மட்டும் விட்டு ஹாண்டிலை மெதுவாகச் சுற்றவும்.

5. லீவரை இறக்கி, ஹாண்டில் கனக்கும் இடத்தில் நிறுத்தவும். அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போகாது.

6. சைலன்சர் வாயை ஒரு டப்பாவால் மூடவும். என்ஜின்மேல் ஈரச்சாக்கைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினாலும் உள்ளே வியர்க்கும், காற்றோட்டம் இருக்கட்டும்.

உர மூட்டைகளை என்ஜின் கொட்டகையில் அடுக்கக் கூடாது. யூரியா, பொட்டாஷ் போன்றவை ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இரண்டு ஆள் சேர்ந்து ஹாண்டிலை இழுக்க வேண்டாம். ரிங் ஒடியும், லைனரில் கீறல் விழும். நாசிலைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் சம அளவில் கலந்து சிறிதளவு ஊற்றி ஓர் இரவு ஊறவிடவும். மறுநாள் பிளைவீலை முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கவும். இளகியபின் சில சுற்று சுற்றி, மிஞ்சிய எண்ணெய் வெளியேறியதும் நாசிலை மாட்டவும். துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். சம்ப்பில் மண்ணெண்ணெய் இறங்கியிருக்கும். ஆகவே ஆயிலை மாற்றிய பிறகே ஓட்டவும். அப்போதும் இளகாவிட்டால் மெக்கானிக்கை அழைத்து ஹெட்டைக் கழற்றுவதே நலம்.

வெளிப்பாகத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்து, ரெட் ஆக்சைடு பூசலாம். ஆனால் டீசல் பம்ப்பின் பிளஞ்சரிலும் நாசில் ஊசியிலும் உப்புத்தாள் படவே கூடாது. அவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒருமுறை தேய்த்தாலும் டீசல் கசிந்து என்ஜின் கிளம்பாது.

சிறிது ஆயில் செலவுக்குத் தயங்கினால், தை மாதத்தில் ரிங்குக்கும் லைனருக்கும் பணம் தேட நேரும். பயிரோ அதுவரை காத்திராது.